கோணலாக எழுதிய இடம்

சின்னராசு பெருமூச்சு விடுவதை நிறுத்திவிட்டான் என்பதை முதலில் கவனித்தது அவன் மனைவி ஈஸ்வரிதான். அதை அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"இப்பெல்லாம் பெருமூச்சே விடறதில்லீங்க்கா. ரெண்டு மூணு வாரமா ஒண்ணுகூட காணோம். மனசு தேறிட்டாருன்னு நெனைக்கறேனுங்க."

ஒண்டிப்புதூரில் தம்பி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த சாந்தாமணிக்கு வாயிலிருந்த கவளம் இறங்கவில்லை. நாத்தனாரை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய ஈஸ்வரி, அதைக் கவனிக்காமல் புருஷனுக்கு ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திருச்சி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து பின்கழுத்தில் அடிபட்ட நாளிலிருந்து சின்னராசுவுக்குக் கை கால் வேலை செய்யாது. மூச்சும் தானாக வராது. தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் வைத்த ஒரு சின்னப் பெட்டி, வயிற்றுக்கு மேலுள்ள தசையைத் தட்டித் தட்டி மூச்சை இழுத்துவிடும். பேச்சும் சிரிப்பும் மட்டும் அவனுடையதாகவே மிஞ்சியிருந்தது.

அந்தப் பெட்டிக்கு ப்ரோக்ராம் எழுதும் கம்பெனியில்தான் சாந்தாமணி வேலை பார்க்கிறாள். அவன் விழுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே.

"என்னக்கா, பேயறஞ்சாப்ல பாக்கற?" என்றான் சின்னராசு. "நான் பெருமூச்சு உட்டாத்தான் உனக்குச் சோறு இறங்குமா?"

அவள் சிரிக்க முயன்றாள். கண் அவன் பனியனை விட்டு நகரவில்லை. பனியன் ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. தையல் மெஷினில் ஓடுகிற தையல் மாதிரி எல்லாம் ஒரே அளவு. ரசம் முடிந்து தயிர் வந்தது. தயிரும் முடிந்தது. இடையில் ஒரு மூச்சாவது கொஞ்சம் ஆழமாக வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நெஞ்சு கொஞ்சம் இறுகினாற்போல் இருக்கிறது, சளியாக இருக்கும், ஆவி பிடித்தோம் என்றான். சாயங்காலமானால் உதடு லேசாகக் கறுக்கிறது என்று ஈஸ்வரி சொன்னாள், வெயிலைக் குறை சொல்கிற மாதிரி.

பெட்டியில் ஒரு சின்ன விஷயம் பார்க்க வேண்டும், நாளைக்கு ஆபீஸில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு சாந்தாமணி கிளம்பினாள். வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

சின்னராசுவின் பெருமூச்சு அவன் மனசிலிருந்து வருவதில்லை என்று அந்தக் குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அது ப்ரோக்ராமிலிருந்து வருவது. ப்ரோக்ராமில் இல்லையென்றால் வராது.

*

சரவணம்பட்டியில் அவர்கள் கம்பெனி ஆரம்பித்த காலத்தில் நான்கு பேர்தான் உட்கார்ந்து எழுதினார்கள். நான்கு பேருக்கும் நான்கு விதமான கை. ஒருவர் வரி தொடங்க டேப் தட்டுவார், ஒருவர் ஸ்பேஸ் தட்டுவார். அடைப்புக்குறியை எந்த வரியில் போடுவது என்று டீக்கடையில் நின்று சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. வெளியாள் கேட்டால் சிரிப்பான். ஆனால் அடுத்தவன் எழுதியதைப் படிக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய தலைவலி என்று அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த நால்வருக்குள் ஒரு பழக்கம் மட்டும் பொதுவாக இருந்தது. ஆள் உடம்பை நேரடியாகத் தொடுகிற இடங்களை, கை வைத்தால் உயிருக்கு ஆபத்து என்கிற இடங்களை, அவர்கள் வேண்டுமென்றே கோணலாக எழுதினார்கள். வரிகளைப் படிக்கட்டு சரிந்த மாதிரி வலது பக்கம் தள்ளித் தள்ளி வைப்பார்கள். பார்த்தாலே கண் உறுத்தும். உறுத்த வேண்டும் என்பதற்காகத்தான். கோணலைக் கண்டால் கையை எடு, எழுதினவரைப் போய்க் கேள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதான். பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கோணலை யாராலும் பார்க்காமல் இருக்க முடியாது.

பெருமூச்சு அப்படி எழுதிய ஓர் இடம். எழுதியவன் மரிய செல்வம், தூத்துக்குடிக்காரன்.

பிறகு கம்பெனி வளர்ந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று ஏழெட்டு ப்ராஜெக்ட். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே விதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தது சாந்தாமணிதான். அதற்கென்று போட்ட குழுவுக்குத் தலைவியும் அவள்தான். அப்போதுதான் 'ஒழுங்கு' என்ற கருவி வந்திருந்தது. ஊரில் பாதிக் கம்பெனிகள் அதற்கு மாறிவிட்டிருந்தன.

ஒழுங்கு முதலில் தப்பைச் சுட்டிக் காட்ட மட்டும் செய்தது. அப்புறம் தானே திருத்தியது. அதற்கு யாரும் விதி எழுதித் தர வேண்டியதில்லை. எல்லா ப்ராஜெக்டையும் படித்து, பெரும்பாலான இடங்களில் எப்படி எழுதியிருக்கிறதோ அதையே விதியாக வைத்துக்கொள்ளும். தனியாக ஓர் இடத்தில் மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதை மற்றவற்றோடு சேர்த்து நேராக்கும். டீக்கடைச் சண்டைகள் நின்றன. எல்லோர் எழுத்தும் ஒரே கையால் எழுதிய மாதிரி ஆனது. சாந்தாமணிக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

கோணல் எழுதிய இடங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்து வைத்திருந்தாள். அவற்றை ஒழுங்கு தொடாது என்று நம்பினாள்.

*

திங்கட்கிழமை அவள் ஆபீஸுக்குள் நுழைந்ததும் நேராக மூச்சு ப்ரோக்ராமைத் திறந்தாள்.

எல்லாம் நேராக இருந்தது. பக்கம் பக்கமாகக் கீழே இறங்கினாள். எங்கேயும் கண் நிற்கவில்லை. ஒரே அளவு இடைவெளி, ஒரே அளவு வரி, வெள்ளையடித்த சுவர் மாதிரி. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் கோணலில் தடுக்கி நிற்பாள். இப்போது பெருமூச்சு எங்கே இருந்தது என்றே அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கம்பெனியை இப்போது நடத்துகிறவன் நிவேதன். அவளைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல பையன், மேடம் மேடம் என்று மரியாதையாகப் பேசுவான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டாள்.

அவன் தேடிப் பார்த்தான். காரணம் எழுதப்படாத விலக்குகளை எல்லாம் ஒழுங்கு காலாவதி ஆக்கிவிட்டிருந்தது. கோணலுக்கு அவர்கள் ஒருநாளும் காரணம் எழுதி வைத்ததில்லை. கோணலே காரணம் என்று விட்டுவிட்டார்கள். விலக்கு போனதும் ஒழுங்கு உள்ளே வந்து வரிகளை நேராக்கியிருக்கிறது. நேராக்கும்போதே, எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஒரு பெரிய மூச்சு அங்கே இருப்பதைப் பார்த்திருக்கிறது. வேறு எந்த ப்ராஜெக்டிலும் அப்படி ஒன்று இல்லை. ஆஸ்பத்திரிப் பெட்டியில் அதை நர்ஸ் பட்டன் அழுத்திக் கொடுப்பாள், குழந்தைப் பெட்டியில் வேறு வழி. ஆகவே அதை எடுத்துவிட்டது. ஒவ்வொரு பெட்டியும் தன் போக்கில் ஓட்டிக்கொண்டிருந்த கடிகாரத்தையும் எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே கடிகாரமாக வைத்துவிட்டது.

"டெஸ்டுல புடிபடலயா?"

"எல்லா டெஸ்டும் பாஸ் மேடம். நிமிஷத்துக்கு எத்தன மூச்சு, எவ்வளவு காத்து, சராசரியா எதுவுமே மாறல."

"நாம பாத்து ஓகே பண்ணாம வெளிய போகாதே?"

நிவேதன் திரையை அவள் பக்கம் திருப்பினான். லட்சக்கணக்கான வரிகள் மாறிய ஒரு மூட்டை. மேலே தலைப்பு: ஃபார்மேட்டிங் மட்டும். கீழே ஒப்புதல் கொடுத்தவர்களின் பெயர்கள். அந்தத் தொழிலில் இருக்கிற எவரும் ஃபார்மேட்டிங் மட்டும் என்று வருவதைப் படிக்க மாட்டார்கள். இடைவெளி கூடியதையும் குறைந்ததையும் எவன் உட்கார்ந்து படிப்பான்? பார்த்ததும் ஓகே கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். எல்லோரும் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். முதல் பெயர் சாந்தாமணி. இரண்டாவது நிவேதன்.

பழைய பிரதியை எடு, மூன்று மாதத்துக்கு முந்தியதை அப்படியே திரும்பப் போடு என்றாள்.

"பழசும் இல்ல மேடம்." அவன் குரல் இறங்கியிருந்தது. "பழசும் புதுசும் ஒத்துப் பாக்க வசதியா இருக்கட்டும்னு, பின்னாடி இருக்கற எல்லா வருஷத்தையும் ஒழுங்கு நேராக்கிடுச்சு. நம்ம குழுதான் அதுக்குப் பர்மிஷன் கொடுத்துது."

நம்ம குழு என்று அவன் மரியாதைக்குச் சொன்னான். கையெழுத்து அவளுடையது.

அப்போதுதான் ஈஸ்வரியின் போன் வந்தது. சின்னராசுவுக்கு மூச்சு முட்டி, நகமெல்லாம் நீலமாகி, சிங்காநல்லூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

*

வார்டு வாசலில் சாந்தாமணி நின்றுவிட்டாள்.

ஆறேழு கட்டில்கள். எல்லாவற்றிலும் வெள்ளைப் போர்வை. ஜன்னல் வழியாக நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போர்வைகள் எல்லாம் ஒன்றாக ஏறின. ஒன்றாக நின்றன. ஒன்றாக இறங்கின. மறுபடியும் ஒன்றாக ஏறின. அந்த அறையில் படுத்திருந்தவர்களில் ஒரு கிழவர் இருந்தார், காலேஜ் படிக்கிற வயசில் ஒரு பெண் இருந்தாள், நடுவில் அவள் தம்பி இருந்தான். ஆனால் பெரியதாக ஒரே ஓர் உடம்பு போர்வைகளுக்கு அடியில் படுத்து மூச்சு விடுவது மாதிரி இருந்தது.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவது தெரிந்து, பயந்துபோய், வேண்டுமென்றே தாளம் தப்பி மூச்சு விட்டாள்.

நுரையீரல் டாக்டரம்மா அவளைத் தனியாக அழைத்துப் போனார். இரண்டு வாரமாக இந்தப் பெட்டி வைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், நிமோனியா என்று மருந்து கொடுத்தால் கேட்கவில்லை என்றார். சாந்தாமணி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"பெருமூச்சுன்னா கவலைல வர்றதுன்னு நெனச்சுக்கறோம்ங்க. நீங்க நான் எல்லாரும் சில நிமிஷத்துக்கு ஒருக்கா, நமக்கே தெரியாம ஒரு பெரிய மூச்சு இழுக்கறோம். நுரையீரல்ல இருக்கற குட்டிக் குட்டி அறையெல்லாம் சும்மா இருந்தா ஒட்டிக்கும். அந்தப் பெரிய மூச்சுதான் மறுபடி பிரிச்சு விடுது. அது இல்லைன்னா அடியிலிருந்து ஒவ்வொண்ணா மூடிட்டே வரும்."

எவ்வளவு நேரம் தாங்கும் என்று சாந்தாமணி கேட்டாள். அவள் தம்பிக்கு இப்போதே கீழ்ப் பாதி மூடிவிட்டது, நாளைக்குள் பெட்டி சரியாகவில்லையென்றால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஏற்கெனவே நொந்த நுரையீரல். இறக்கினால் திரும்ப எடுக்க முடியுமா என்பது சந்தேகம். அவன் பேச்சும் அதோடு போகும். மற்றவர்களுக்கும் இதே கதிதான், சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. இதே பெட்டியோடு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று டாக்டரம்மா கேட்டார். ஆயிரக்கணக்கில் என்று சாந்தாமணி சொன்னாள்.

*

மரிய செல்வம் வேலையை விட்டுவிட்டு தூத்துக்குடியில் மாமனாரின் பேக்கரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டாள். பின்னணியில் மக்ரூன் பெட்டி கட்டுகிற சத்தமும், எவனையோ அவன் அதட்டுவதும் கேட்டது. விஷயத்தைச் சொன்னதும் எல்லாச் சத்தமும் நின்றது. கடையை விட்டுத் தெருவுக்கு வந்திருப்பான்.

"எனக்கு நம்பர் ஒண்ணும் நெனவில்ல சாந்தா. அந்த எடத்தோட கோணல்தான் கண்ணுக்குள்ள நிக்கி. பதிமூணாவது படி சரிஞ்ச மாதிரி இருக்கும்லா, அது."

"எங்கிருந்து எடுத்தீங்க அந்தப் பெருமூச்சை? ஏதாவது புஸ்தகத்துல இருந்தா?"

"புஸ்தகத்துல இருக்கது பத்தாதுன்னு தோணுச்சு. என் வீட்டுக்காரி சீரியல் பாக்கும்போது நெஞ்சுல ஒரு பெல்ட்ட கட்டி ரெக்கார்ட் பண்ணேன். அவ மாதிரி பெருமூச்சு விட ஆள் கெடையாது. அதக் கலைச்சுப் போட்டு, எப்ப எது வரும்னு தெரியாத மாதிரி எழுதுனேன்."

அந்த ரெக்கார்டு இருக்கிறதா என்று கேட்டாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் இருந்தது, அதையும் ஒழுங்கு விட்டு வைத்திருக்காது என்றான். வேறொரு ஆளைப் பிடித்து மறுபடி ரெக்கார்டு பண்ணு, அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கொஞ்சம் கவலை உள்ள ஆளாகப் பார்த்துப் பிடி என்று சொல்லிவிட்டு, சின்னராசுவை விசாரித்ததாகச் சொல் என்றபடி போனை வைத்துவிட்டான்.

நிவேதன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டிருந்தான். வார்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், கேன்டீனில் காபியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். ஒழுங்கை ஒருநாள் நிறுத்திவைத்துவிட்டு, பெருமூச்சை எழுதி அனுப்ப முடியுமா?

முடியாது. ஒழுங்கின் முத்திரை இல்லாத அப்டேட்டைப் பெட்டி வாங்காது. எவனோ ஒருவன் அவசரத்தில் அனுப்பிய கோளாறான அப்டேட்டுக்குப் பிறகு அப்படி ஒரு பூட்டு வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். இப்போது அந்தப் பூட்டைத் திறக்க அரசாங்க ஒப்புதல் வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். ஒழுங்குக்குள் விட்டு எழுதினால், தனியாகத் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துக் காலைக்குள் நேராக்கிவிடும்.

"தனியா இருந்தாத்தானே நேராக்கும்?" என்றாள் சாந்தாமணி.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லா ப்ராஜெக்ட்லயும் போட்டுட்டா? வீட்டுப் பெட்டி, ஆஸ்பத்திரிப் பெட்டி, கொழந்தைப் பெட்டி எல்லாத்துலயும், ஒரே மாதிரி, ஒரே எடத்துல. அப்ப அதுதானே பெரும்பான்மை. அப்ப அதுதானே விதி."

"போடலாம். ஆனா கலைச்சுப் போட முடியாது மேடம். எப்ப வரும்னு தெரியாததை அது உள்ள விடாது. எந்தப் பெருமூச்சு எப்ப வரும்னு வரிசையா எழுதிக் குடுக்கணும். கடிகாரமும் ஒண்ணுதான்." அவன் காபியைத் தள்ளி வைத்தான். "அப்ப எல்லாரும் ஒரே பெருமூச்சை, ஒரே நேரத்துல விடுவாங்க. ஊர்ல இருக்கற எல்லாரும்."

அவளுக்கு வார்டு வாசலில் பார்த்தது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"உயிரோட விடுவாங்கல்ல," என்றாள்.

*

கவலை உள்ள ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஈஸ்வரி உட்கார்ந்திருந்தாள். மாற்றுச் சேலை, பிளாஸ்க், சின்னராசுவின் சீப்பு எல்லாம் ஒரு கட்டைப் பையில் காலடியில் இருந்தது.

சாந்தாமணி ஆபீஸிலிருந்து வரவழைத்த பெல்ட்டை அவள் நெஞ்சில் கட்டி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பெருமூச்சு விடு என்றாள். ஈஸ்வரி ஒன்று விட்டுப் பார்த்தாள். நாடகத்தில் விடுகிற மாதிரி வந்தது. இன்னொன்று விட்டாள், சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். இனிமேல் மறைக்க முடியாது என்று சாந்தாமணி எல்லாவற்றையும் சொன்னாள். சின்னராசு விட்ட பெருமூச்சுகள் எங்கிருந்து வந்தவை, எப்படிப் போயின, இப்போது என்ன செய்யப் போகிறோம் என்று. யார் ஓகே கொடுத்தது என்பதையும் சொன்னாள். ஈஸ்வரி அந்தக் கடைசி விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. முதல் விஷயத்திலேயே நின்றுவிட்டாள்.

"அப்ப அவரு என்னைய நெனச்சு விட்டது இல்லீங்களா அது?"

"இல்ல கண்ணு."

"இந்தப் பொம்பளைக்குப் பாரமாப் போயிட்டமேன்னுதான் விடறாருன்னு நெனச்சேனுங்க்கா. ஒவ்வொரு தடவையும் சமையக்கட்டுல போய் நின்னுக்குவேன். நின்னுபோச்சுன்னதும் சாமி கும்புட்டேன்." அவள் சீப்பை எடுத்துப் பையில் வேறொரு பக்கம் வைத்தாள். "இத்தன வருசமா ஒரு தூத்துக்குடிக்காரம்மா சீரியல் பாத்து உட்ட பெருமூச்சுக்கா நான் அழுதேன்?"

ஈஸ்வரி கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். போர்வைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் புருஷனுடையது எது என்று முகத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. லேப்டாப் திரையில் கோடு சட்டென்று மேலே போய், உச்சியில் ஒரு கணம் உடைந்து இரண்டாகத் தேம்பி, மெல்ல இறங்கியது. அவள் அதை உணரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. சாந்தாமணி பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி பெண்டாட்டியின் துக்கத்தை எண்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் எல்லோரும் உட்கார்ந்து எல்லா ப்ராஜெக்டிலும் அதை ஒரே மாதிரி, நேராக, அழகாக எழுதினார்கள். ஒரு கோணல் இல்லை. ஒழுங்கு படித்துப் பார்த்தது. ஒரு குறையும் சொல்லவில்லை. முத்திரை குத்தியது.

மறுநாள் காலை டிபன் நேரத்தில் அப்டேட் பெட்டிகளுக்குள் இறங்கியது. சாந்தாமணியும் ஈஸ்வரியும் சின்னராசுவின் கட்டிலருகே நின்றார்கள். டாக்டரம்மா வாசலில் நின்றார். போர்வைகள் ஏறின, இறங்கின. ஏறின, இறங்கின. நர்ஸ் ஒருத்தி மருந்துத் தட்டோடு வந்தவள், இவர்கள் நின்ற நிலையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அப்புறம் போர்வைகள் எல்லாம் ஏறின, ஏறிக்கொண்டே போயின. உச்சியில் ஒரு கணம் உடைந்து இரண்டாகத் தேம்பின. மெல்ல இறங்கின. கிழவரிடமிருந்தும், காலேஜ் பெண்ணிடமிருந்தும், சின்னராசுவிடமிருந்தும் ஒரே சத்தம் வந்தது. அது ஈஸ்வரியின் சத்தம்.

நர்ஸ் கையிலிருந்த தட்டு விழுந்தது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாந்தாமணி ஈஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

*

சின்னராசுவுக்குக் குழாய் இறக்க வேண்டி வரவில்லை. நுரையீரல் அடியிலிருந்து மெல்ல மெல்லத் திறந்தது. பத்துப் பதினைந்து நாளில் வீட்டுக்கு வந்தான். மற்றவர்களும் தேறினார்கள். பூட்டைத் திறக்க அரசாங்கத்துக்கு மனு போட்டிருக்கிறார்கள், பரிசீலனையில் இருக்கிறது. நிவேதன் ஃபார்மேட்டிங் மட்டும் என்று வருகிற ஒவ்வொன்றையும் இப்போது வரி வரியாகப் படிக்கிறானாம். வேறு வேலை ஓடுவதில்லை என்று சொன்னான்.

சாந்தாமணி மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒண்டிப்புதூருக்குப் போனாள். சின்னராசு பழையபடி வாயாடினான். தன் பெண்டாட்டி மூச்சு விடாமல் பேசுவாள் என்று தெரியும், தனக்கும் சேர்த்து மூச்சு விடுவாள் என்று தெரியாமல் போய்விட்டது என்றான். பேச்சின் நடுவில் அவன் நெஞ்சு ஏறி, தேம்பி, இறங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஈஸ்வரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அது முடிகிறவரை காத்திருந்து, அப்புறம் மறுபடி எடுத்தாள்.

சமையலறையில் தனியாக இருக்கும்போது சாந்தாமணி அவளிடம் கேட்டாள், எப்படி இருக்கிறாய் என்று.

உழவர் சந்தைக்குப் போயிருந்தேன் என்றாள் ஈஸ்வரி. தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் பெருமூச்சு விட்டாராம். அடுத்த கடையில் அதே மாதிரி நாற்காலியில் ஒரு சின்னக் குழந்தை இருந்ததாம். அதுவும் அதே நேரத்தில் விட்டதாம்.

"அவிய யாருன்னே எனக்குத் தெரியாதுங்க்கா. என்ற அழுகைய அவிய அழறாங்க. அந்தக் கொழந்தைக்கு என்ன கவலைங்க இருக்கும்? தக்காளிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

சாந்தாமணி அவள் தோளைத் தொட்டாள். கொஞ்ச நாளில் பூட்டைத் திறந்துவிடுவார்கள், ஆளுக்கொரு விதமாகப் பழையபடி எழுதிவிடலாம் என்று சொன்னாள். ஈஸ்வரி தலையாட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நான் இப்பெல்லாம் பெருமூச்சே விடறதில்லீங்க்கா. வந்தாலும் அடக்கிக்கறேன். பழகிருச்சுங்க."

சொல்லிவிட்டு ரசத்தை இறக்கிவைத்து, தட்டு எடுத்துப் போட்டாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்னராசு ஏதோ சொல்லிச் சிரித்தான். சாந்தாமணிக்கு அது காதில் விழவில்லை. ஈஸ்வரியின் சேலை முந்தானை ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. எல்லாம் ஒரே அளவு. ரசம் முடிந்து தயிர் வந்தது. சாந்தாமணி கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சாவது கொஞ்சம் ஆழமாக வரும் என்று காத்திருந்தாள்.